ராமேஸ்வரம் பக்கம் மூன்று மாதம் லாட்ஜில் தங்க வேண்டும், வாடகையை எப்படிப் பேசிக் குறைப்பது?

ஒருவர் கேட்டிருந்தது சுருக்கமாக இதுதான்: கோவையிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். மண்டபம், பாம்பன் ஓரமாகக் கடல்பாசி வளர்ப்பு சம்பந்தப்பட்ட வேலை. ஜூலை 1 முதல் அக்டோபர் 10 வரை தங்க வேண்டும். ராமேஸ்வரத்தில் நாலைந்து லாட்ஜுக்குப் போன் போட்டிருக்கிறார். நாளுக்கு 1,500 ரூபாய் ஏ.சி. ரூமுக்கு, "லாங் ஸ்டேன்னா 10 பெர்சென்ட் குறைக்கலாம்" என்கிறார்களாம், அதற்கு மேல் இறங்கவில்லையாம். எவ்வளவு வரை கேட்கலாம், கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. பில்லும் வேண்டும் என்கிறார்.

பாதி விலைக்கும் கீழே கேட்கலாம், கிடைக்கவும் செய்யும். ஆனால் போனில் கிடைக்காது. போனை எடுத்த தம்பிக்கு 10 சதவீதத்துக்கு மேல் குறைக்க அதிகாரம் கிடையாது. அதைவிட, நீங்கள் சொன்ன தேதிகள்தான் அவரைப் பயமுறுத்தியிருக்கும். ஜூலை 1 முதல் அக்டோபர் 10 என்றால் நடுவில் ஆடி அமாவாசை, ஆடித் திருக்கல்யாணம், அநேகமாக மகாளய அமாவாசையும் வந்துவிடும். தை அமாவாசையைச் சேர்த்துக்கொண்டால் ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் வருஷம் பூராவும் எதிர்பார்த்திருப்பதே இந்த நாட்களைத்தான். அன்றைக்கு 1,500 ரூபாய் ரூம் 3,000, 4,000 என்று போகும். அந்த நேரத்தில் 10-ஆம் நம்பர் ரூமில் நீங்கள் மாத வாடகைக்கு உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ரேட்டுக்கு முன்னால் காலண்டரைப் பேசுங்கள். அவருக்கு வேண்டிய இரவுகளை நீங்களே முன்வந்து விட்டுக்கொடுங்கள். மிச்ச இரவுகளை அவர் மலிவாகத் தருவார்.

ஏன் தருவார் என்பதற்கு அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 1,500 ரூபாய் ரூம் முப்பது நாளும் ஓடினால் 45,000. அப்படி எந்த ரூமும் ஓடாது. கணக்குக்காக மாதத்தில் 14 இரவு போகிறது என்று வைத்துக்கொள்வோம், 21,000 ஆகிறது. அதில் பாதி ஆன்லைன் ஆப் வழியாக வந்த புக்கிங் என்றால் கமிஷன் 15 முதல் 25 சதவீதம் வரை போகும். ஆட்டோக்காரர் கூட்டிவந்த பார்ட்டி என்றால் அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். கைக்கு நிற்பது 18,500-ஐ ஒட்டித்தான். அதிலிருந்துதான் சலவைக்காரர், சோப்பு, தண்ணீர், ரூம் பாய் சம்பளம் எல்லாம்.

ஒரு யாத்திரைக் குடும்பம் ஒரே ஒரு இரவு தங்கிப்போன ரூமைக் காலையில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். மூன்று பேர் ரூமில் ஏழு பேர் இருந்திருப்பார்கள். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு எழுந்து போய், அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட வருவார்கள். பாத்ரூம் ஜாலியில் கடல் மணல் அடைத்துக்கொண்டு தண்ணீர் குளமாக நிற்கும். கட்டில் சட்டத்தில் ஈர வேட்டி, மெத்தை நுனியில் ஈரம், துண்டெல்லாம் மண். உப்பு போக எல்லாரும் மறுபடி ஒரு குளியல். அவர்கள் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்தில் அடுத்த வேன் வாசலில் நிற்கும். இந்த ஓட்டத்தில் ஒரு ரூமுக்கு ஆகிற தேய்மானம் கொஞ்சம் இல்லை.

நீங்கள் காலையில் வேலைக்குப் போய் ராத்திரி வருகிற இரண்டு பேர். பெட்ஷீட் நாலைந்து நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும், பெருக்குவது ஒருநாள் விட்டு ஒருநாள். இதைப் பேச்சில் சொல்லுங்கள், ஏனென்றால் அவருக்கு மிச்சமாகிற பணம் அது. ஆனால் கடல்பாசி வேலை என்றதும் அவர் மனதில் நாற்றமும் உப்புத் தண்ணீரும் ஓடும். அதனால் அதையும் நீங்களே எடுத்துவிடுங்கள்: "வேலைத் துணி, செருப்பு, கயிறு எதுவும் ரூமுக்குள்ள வராதுண்ணே. கீழ குழாயடியில கால் கழுவிட்டு, மொட்டை மாடியில கொடி கட்டிக் காயப்போட்டுக்கிறோம்." இதைச் சொல்வதும் அதன்படி நடப்பதும் ஆயிரம் ரூபாய் குறைப்பதற்குச் சமம்.

இனி காலண்டர். ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக் கூட்டம் ஜூனில் வடிந்துவிடும். ஜூலை முதல் இரண்டு வாரம் வார நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும், வாடகை பேசுவதற்கு அதுதான் நல்ல நேரம். ஆடி பிறந்ததும் மாறும். வடக்கேயிருந்து சாவன் மாதக் (அங்கே சிவனுக்கு விசேஷமான மாதம்) கூட்டமும் கிட்டத்தட்ட அப்போதுதான். ஆடி அமாவாசைக்கு முந்தின ராத்திரியே ஊர் நிரம்பிவிடும், அன்றைக்கு ராத்திரி பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். திருக்கல்யாண உற்சவம் பல நாள் நடந்தாலும் ரூம் தட்டுப்பாடு தேரோட்டம், கல்யாணம் மாதிரி சில நாட்களில்தான். ஆவணி அமாவாசை, சுதந்திர தின விடுமுறை சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் அது, விநாயகர் சதுர்த்தி, பிறகு மகாளய பட்சம். பட்சம் 15 நாளும் திதி கொடுக்க ஆள் வரும், நெருக்கடி கடைசி மூன்று நாள். இவ்வளவையும் கூட்டினாலும், சாதாரணச் சனிக்கிழமைகளைத் தள்ளிவைத்தால், உங்கள் நூற்றுச் சொச்சம் இரவுகளில் அவருக்கு உண்மையாகவே நஷ்டமாகிற இரவு பத்து, பன்னிரண்டைத் தாண்டாது. மற்ற இரவெல்லாம் நீங்கள் இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி பூட்டிக் கிடக்கும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. வேலை மண்டபம், பாம்பன் பக்கம் என்றால் ராமேஸ்வரத்தில் ஏன் தங்க வேண்டும்? கோயில் ரத வீதிகளைச் சுற்றி இருக்கிற ரூமுக்கு விலை அதிகம். விடிகாலை நாலு மணிக்கே வேன் கதவுகள் டமார் டமார் என்று சாத்துகிற சத்தம் கேட்கும். மண்டபத்துக்குப் போகிற நாளெல்லாம் பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போய் வருவது வேறு. மண்டபத்தில் லாட்ஜ் குறைவுதான், ஆனால் அங்கே மாதக் கணக்கு ஆட்கள் புதிதில்லை. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் முன்பு பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது, இன்றைக்கும் அதன் மண்டல மையம் அங்கே இருப்பதால் ஆராய்ச்சி மாணவர்கள், ப்ராஜெக்ட் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் முடிந்துகொண்டிருந்தன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததும் பயணிகள் நேராகத் தீவுக்குள் போய்விடுகிறார்கள். மண்டபத்து லாட்ஜ்காரரிடம் பேசும்போது இது உங்கள் பக்கம் இருக்கிற விஷயம்.

ராமநாதபுரம் டவுன் வேறு மாதிரி. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், மெடிக்கல் காலேஜ், கம்பெனி ரெப்புகள் என்று திங்கள் முதல் வியாழன் வரை ரூம் போகும், சனி ஞாயிறு காற்றாடும். ராமேஸ்வரத்துக்கு நேர் எதிர். அங்கே "சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவேன்" என்று சொன்னால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை, ராமேஸ்வரத்தில் அதே வாக்கியம் தங்கம். மண்டபத்துக்கு அங்கிருந்து 40 கிலோமீட்டரை ஒட்டி வரும், தினம் வண்டிச் செலவு பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைப் பக்கம் லாட்ஜைவிட மாடி வீடு நல்லது. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளில் மேல் மாடியைக் கட்டில், ஃபேனோடு மாத வாடகைக்குக் கொடுப்பார்கள். தெரிந்தவர் மூலம் போனால்தான் கதவு திறக்கும், தனி ஆம்பளைகளுக்குக் கொடுக்க யோசிப்பார்கள். ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி வாரக் கணக்கு, மாதக் கணக்கு ரூம்கள் உண்டு. அவை நோயாளிகளோடு வந்து நாள்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களுக்கானவை. கம்பெனிப் பணத்தோடு போய் அந்த வாடகையை நாம் ஏற்றிவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மடங்கள், சத்திரங்கள், தேவஸ்தான விடுதி எல்லாம் யாத்ரீகர்களுக்கு. சில நாளைக்கு மேல் தர மாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. அரசு ஹோட்டலில் ரேட் மேலே முடிவாவது, கவுண்டரில் இருப்பவரிடம் பேரம் பேசிப் பிரயோஜனமில்லை. கடலோர ரிசார்ட்டுகளில் சேல்ஸ் ஆள் ஒருவர் இருப்பார், அவர் ரேட்டைப் பெரிதாக இறக்க மாட்டார். காலை டிபன், சலவை, பைக் நிறுத்த இடம் என்று கேட்டால் சேர்த்துக் கொடுப்பார். உங்கள் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம்.

ரூமைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பேரம் முடிந்துவிடும். யாத்திரைக்கு வருகிறவர்கள் வயசானவர்களோடு வருவார்கள். லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாவது மாடி என்றால் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போவார்கள். மாடிப்படிக்கு ஒட்டிய ரூம், பின்பக்கச் சந்தைப் பார்த்த ரூம், இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள ரூம், ரெண்டு பேருக்கு மேல் கட்டில் போட முடியாத ரூம், இவையெல்லாம் கடைசியாகத்தான் போகும். உங்களுக்கு இதில் எது பரவாயில்லையோ அதைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்: மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ரூம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும், ஏ.சி. நின்று மூச்சு வாங்கும், கரண்ட் பில் உங்கள் தலையில் விழும். "கடல் தெரியுற ரூம்" என்பதற்கும் மயங்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா பார்த்த ஜன்னல் என்றால் சட்டத்தில் மணல் சேரும், லேப்டாப் மேல் உப்புப் படியும், ஏ.சி. வெளி யூனிட் துருப்பிடித்திருக்கும். பாக் விரிகுடா பார்த்த வடக்குப் பக்கம் அந்த மாதங்களில் நிம்மதி.

யாரிடம் பேசுவது? முதலாளியிடம், அல்லது லீஸுக்கு எடுத்து நடத்துபவரிடம். இந்த ஊரில் கட்டடம் ஒருவருடையது, நடத்துபவர் இன்னொருவர் என்பது சகஜம். நடத்துபவர் மாதம் பிறந்தால் கட்டடக்காரருக்குக் குத்தகைப் பணம் எண்ணி வைக்க வேண்டும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும். முதல் தேதி கையில் ரொக்கமாக வரும் 18,000 அவருக்கு மாதம் முழுக்க அங்கங்கே வருகிற 21,000-ஐவிட இனிப்பு. ரிசப்ஷனில், "லீஸா, ஓனரே பார்க்கிறாரா?" என்று சாதாரணமாக விசாரியுங்கள், சொல்லிவிடுவார்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள், மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் நேரில் போங்கள். சாவிப் பலகையில் அத்தனை சாவியும் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவரும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே வணக்கம். மூணு மாசத்துக்கு ரூம் வேணும்னு போன்ல பேசுனேன்."

"அதான் தம்பி, 10 பெர்சென்ட் குறைச்சுக்கலாம்னு சொன்னாங்கள்ல."

"ரேட்டு அப்புறம் பேசுவோம்ணே. ஆடி அமாவாசைக்கு உங்களுக்கு இப்பவே ரூம் போயிருச்சா?"

"அது எப்பவும் ஃபுல்லுதான். மாச வாடகைன்னா நான் யோசிக்கிறதே அதுக்குத்தான்."

"அந்த மூணு நாளும் நாங்க ஊருக்குப் போயிருவோம். சாவி உங்ககிட்ட. பெட்டி மட்டும் கீழ ஸ்டோர் ரூம்ல இருக்கட்டும். மகாளய அமாவாசைக்கும் அப்படித்தான். வேற எந்த நாள் வேணுமோ இப்பவே காலண்டர்ல குறிச்சுக் கொடுங்க."

"ம்."

"மேல மூணாவது மாடியில சந்துப் பக்கம் ஒரு ரூம் பாத்தேன். வார நாள்ல அது போகுதாண்ணே?"

"லிஃப்ட் இல்லைல்ல... கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

"அதையே குடுங்க. ஒண்ணாந்தேதி காலையில பணம் வந்துரும். கரண்டு தனியா மீட்டர் போட்டு நாங்களே கட்டிக்கிறோம்."

இதற்குப் பிறகுதான் தொகை. அவரைச் சொல்லவிடுங்கள். 25,000 என்று ஆரம்பிப்பார். நீங்கள் 16,000 என்று சொன்னால் 18-லிருந்து 20-க்குள் முடியும், கரண்ட் தவிர. நாளுக்கு 600, 660 ரூபாய். "கடைசி விலை என்ன?" என்று எடுத்த எடுப்பில் கேட்பதுதான் இங்கே பேரத்தைக் கெடுக்கும் கேள்வி. வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு மானத்துக்காக அதிலேயே நிற்பார். கோயில் சுற்றுவட்டாரத்து நல்ல ஏ.சி. ரூமை 15,000-க்குக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒத்துக்கொண்டாலும் இரண்டாவது மாதத்தில் ரூம் பாய் வர மாட்டார், கெய்சர் ரிப்பேர் ஆனால் "ஆள் சொல்லியிருக்கு" என்பார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வந்ததும் அடுத்த லாட்ஜ் ரேட்டைச் சொல்லி மிரட்டுவதும் வேண்டாம். அண்ணன், இளையவராக இருந்தால் தம்பி. கீழக்கரையில் பாய் என்று எல்லாரும் சொல்வார்கள், பழகிய பிறகு அந்த ஊர் வழக்கப்படி காக்கா என்றால் முகம் மலரும்.

கரண்ட் விஷயத்தை அவரே எழுப்பும் வரை காத்திருக்காதீர்கள். லாட்ஜுக்கு வணிகக் கட்டணம், யூனிட் 10 ரூபாய் அளவில் வரும். ஒன்றரை டன் பழைய ஏ.சி. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு முதல் பத்து யூனிட் வரை இழுக்கலாம். மாதத்துக்கு 2,500, 3,000 ரூபாய். நீங்கள் பகலிலும் ஏ.சி.யைப் போட்டுவிட்டு வெளியே போவீர்கள் என்று பயந்துதான் அவர் வாடகையை ஏற்றிச் சொல்கிறார். சப் மீட்டர் வைத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். முதல் நாள் ரீடிங்கைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். யூனிட் என்ன விலை என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். அவருடைய பில்லில் உள்ள விலைதான், அதற்கு மேல் இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும்தான் ஓடும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஜி.எஸ்.டி.க்கு வருவோம். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. யாராவது பழைய கணக்கில் பில் போட்டால் கேளுங்கள். வருஷ வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன லாட்ஜுகள் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர்களால் ஜி.எஸ்.டி. பில் தர முடியாது, வரியும் வாங்கக் கூடாது. உங்கள் கம்பெனிக்கு அந்த பில் கட்டாயம் என்றால் ரூம் பார்ப்பதற்கு முன்பே ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். "பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுக்கலாம்" என்பார்கள். கம்பெனிச் செலவில் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

இன்னொன்று உங்களுக்குப் பொருந்தக்கூடும். 2024 ஜூலை 15 முதல், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்குகிற தங்குமிட சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஹாஸ்டல்களை மனதில் வைத்து வந்த சலுகை. லாட்ஜில் அதை எடுக்கலாமா என்பதை அவருடைய ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல். "தொடர்ந்து 90 நாள்" என்று இருப்பதால் ஆடி அமாவாசைக்கு ரூமைக் காலி செய்து கணக்கை முடித்துவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். அதற்கு ஒரு வழி, காலி செய்வதற்குப் பதில் அந்த மூன்று நாளும் அதே லாட்ஜில் டிரைவர் ரூமுக்கோ கீழே உள்ள சின்ன ரூமுக்கோ மாறிக்கொள்வது. நல்ல ரூம் அவர் கைக்குப் போய்விடும், உங்கள் பதிவு ரெஜிஸ்டரில் அறுபடாமல் இருக்கும். 5 சதவீதத்துக்காக இந்த மெனக்கெடல் வேண்டாம் என்றால் ஊருக்கே போய்விட்டு வாருங்கள். அமாவாசை அன்றைக்கு இந்த ஊரில் வேலையும் நடக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

பேசி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஒப்பந்தப் பத்திரம் என்றால் பயப்படுவார், இது போதும். இந்த மாதிரி:

"அண்ணே, இன்னைக்குப் பேசுனபடி: 304-ஆம் ரூம், ரெண்டு பேர், ஜூலை 1 முதல் அக்டோபர் 10 வரை. மாதம் 19,000, ஜி.எஸ்.டி. தனி. கரண்ட் சப் மீட்டர்படி, உங்க பில் ரேட். பெட்ஷீட் அஞ்சு நாளைக்கு ஒருதரம். ஆடி அமாவாசை 3 நாள், மகாளய அமாவாசை 3 நாள் ரூம் உங்களுக்கு, அந்த நாளுக்கு வாடகை கழிவு. அட்வான்ஸ் 10,000, கிளம்பும்போது கரண்ட் பாக்கி போகத் திருப்பித் தருவீங்க. முன்னாடியே கிளம்புனா 10 நாள் முன்னால சொல்லிருவோம், இருந்த நாளுக்கு மட்டும் வாடகை. சரிங்களா?"

"சரி" என்று ஒரு பதில் வந்துவிட்டால் போதும். மேனேஜர் மாறினாலும் அது பேசும். "வாடகை கழிவு" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ரூமையும் கொடுத்துவிட்டு, அந்த நாட்களுக்கு வாடகையும் கட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் உண்டு. கடைசி வரியும் முக்கியம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால், "மூணு மாசம்னு பேசித்தானே இந்த ரேட் கொடுத்தேன், இருந்த நாளைக்கு 1,500 போட்டுக் கணக்கு பார்க்கலாம்" என்று வரும். அந்தப் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முன்னாலேயே முடிவு செய்யச் சொல்கிறேன்.

மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுத்தால் இன்னும் குறைப்பேன் என்பார். கொடுக்காதீர்கள். நடுவில் லீஸ் கைமாறினால் புது ஆளுக்கு உங்கள் பேச்சு தெரியாது. மாதம் பிறந்ததும் அந்த மாதத்துக்கு மட்டும். அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதே லாட்ஜில் முழு வாடகை கொடுத்துத் தங்கிப் பாருங்கள். லாட்ஜ் நிரம்பியிருக்கும்போது விடிகாலை ஐந்து மணிக்கு மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, எவ்வளவு உப்பு, ரூமுக்குள் போன் சிக்னல் எத்தனை கோடு, இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். குடிக்கக் கேன் தண்ணீர்தான், 20 லிட்டர் கேனை மேலே யார் தூக்கி வருவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்றாம் மாடிக்குத் தனியாகக் கேட்பார்கள்.

சாப்பாட்டையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் 3,000 குறைகிறதே என்று மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ரூம் எடுத்தால், ராத்திரி இட்லிக்கு ஆட்டோ பிடித்தே அந்த 3,000 போய்விடும். கோயிலைச் சுற்றிச் சைவம்தான். மீன் வேண்டுமென்றால் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்திருக்கும், நீங்கள் வருகிற நேரத்தில் மெஸ்களில் மீன் தாராளம். கெட்டிலுக்கு அனுமதி கேளுங்கள், இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆதார் நகலோடு கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கொண்டுவாருங்கள்: என்ன வேலை, எந்த இடம், எத்தனை நாள், பொறுப்பாளர் யார். இலங்கைக்கு எதிர்க்கரை என்பதால் இந்தக் கடற்கரை லாட்ஜ் ரெஜிஸ்டர்களைப் போலீஸ் அடிக்கடி புரட்டும். மாதக் கணக்கில் இரண்டு ஆண்கள், கடலுக்குப் போய் வருகிறார்கள் என்றால் கேள்வி வரும். கடிதம் இருந்தால் முதலாளிக்கு நிம்மதி, அந்த நிம்மதி வாடகையிலும் தெரியும். உங்கள் வேலைக்கு வெளிநாட்டு நிபுணர் யாராவது நடுவில் வந்து தங்குவதாக இருந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவரைப் பற்றி அரசுக்குத் தகவல் தாக்கல் செய்ய வேண்டும். சின்ன லாட்ஜுகள் அந்தத் தொல்லைக்காகவே மறுத்துவிடும். அவருக்குத் தனியாகப் பெரிய ஹோட்டலில் போட்டுவிடுங்கள்.

அக்டோபர் 10-ஐத் தாண்டியும் வேலை இழுக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். நீட்டிப்பு ரேட்டை அக்டோபரில் போய்க் கேட்டால் உங்களுக்கு வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இப்போதே கேட்டால், மழை தொடங்குகிற நேரம், தீபாவளி நாட்களை மட்டும் கழித்துக்கொண்டு நவம்பர் நடு வரைக்கும் இதே ரேட்டுக்கு ஒப்புக்கொள்வார். கார்த்திகை பிறந்து மாலை போட்ட சாமிகள் பஸ் பஸ்ஸாக வர ஆரம்பித்தால் தை வரைக்கும் ராமேஸ்வரத்தில் மாத வாடகைப் பேச்சே எடுபடாது. அப்போதும் வேலை முடியவில்லை என்றால் ராமநாதபுரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.